அமிலம் கரைந்தது, ஜவ்வரிசி கரை சேர்ந்தது

2021 மே மாதக் கடைசியில் கொழும்புக்கு வடக்கே, நீர்கொழும்பு வரையிலான கடற்கரைகளில் பல இடங்களில் மணலே தெரியவில்லை. மூட்டை மூட்டையாக ஜவ்வரிசியைக் கொட்டிப் பரப்பியது போல வெள்ளை வெளேரென்று கிடந்தது. கையில் அள்ளிப் பார்த்தால் பிளாஸ்டிக். வாளி, குடம், பால் கவர் என்று நாம் வாங்கும் எல்லாமே தொழிற்சாலைக்குப் போகும்போது இப்படித்தான் சின்னச் சின்ன மணிகளாகப் போகின்றன. அங்கே உருக்கி வார்த்துப் பொருளாக்குவார்கள்.

கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் எரிந்துகொண்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பலிலிருந்து அவை வந்தன. சிங்கப்பூர்க் கொடி ஏந்திய, 186 மீட்டர் நீளக் கப்பல். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த புத்தம் புதுக் கப்பலும்கூட. அதில் 1,486 கண்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 81 கண்டெய்னர்கள் ‘அபாயகரமான சரக்கு’ என்று முத்திரை குத்தப்பட்டவை. எல்லோரும் பயந்தது அந்த 81-ஐப் பார்த்துத்தான். குறிப்பாக 25 டன் நைட்ரிக் அமிலத்தை. பயம் நியாயமானதுதான். ஆனால் கடைசியில் ஆளை மடக்கியது, முத்திரையே இல்லாமல் வந்த ஜவ்வரிசி.

அமிலத்தின் கதையை முதலில் பார்த்துவிடலாம். அந்தக் கண்டெய்னர் துபாயின் ஜெபல் அலியில் ஏற்றப்பட்டது. அமிலம் கசிவது மே 11 அன்றே தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் இறக்கித் தரக் கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. குஜராத்தின் ஹசீராவிலும் அதே பதில். அப்படியே கொழும்புக்கு வந்து, மே 19 இரவு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டார்கள். மறுநாள் புகை கிளம்பியது.

இதில் சட்டத்தை மீறியது யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆபத்திலுள்ள கப்பலுக்கு எங்கே இடம் தருவது என்பதற்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-லேயே வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அவை வழிகாட்டுதல்கள் மட்டுமே. எந்தத் துறைமுகத்தையும் கட்டாயப்படுத்தாது. கசியும் பெட்டியை இறக்க இடமும் ஆளும் கருவியும் வேண்டும். இல்லாதவர் கையை விரிப்பார். என்னைக் கேட்டால், இந்த விபத்தில் உலகம் கைகொடுத்திருக்க வேண்டிய தருணம் அந்த ஒன்பது நாள்தான். ஒரு பெட்டியை இறக்கினால் போதும் என்ற நிலை அப்போது இருந்தது.

நைட்ரிக் அமிலம் அரிப்பது மட்டும் இல்லை, ஆக்சிஜனைக் கையோடு கொண்டுவருகிற பொருளும்கூட. மரம், அட்டை, துணி, எண்ணெய் எதன் மேல் பட்டாலும் வினைபுரிந்து சூடு கிளப்பும். பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை விடும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் மூடிவைத்துக் கார்பன் டை ஆக்சைடை நிரப்புவது கப்பல்களில் வழக்கம். காற்று கிடைக்காமல் தீ மூச்சுத் திணறிச் சாகும். ஆனால் எரிபொருளுக்கு ஆக்சிஜனை அமிலமே ஊட்டிக்கொண்டிருந்தால் இந்த வித்தை பலிப்பது சந்தேகம். அமிலக் கசிவில்தான் தீ தொடங்கியது என்று பரவலாக நம்பப்படுகிறது. பக்கத்துப் பெட்டிகளில் மெத்தனால், காஸ்டிக் சோடா, எபாக்சி ரெசின், அழகுசாதனப் பொருட்கள் என்று ஒரு மளிகைக் கடையே இருந்தது. மே 25 அன்று கப்பலில் பெரிய வெடிப்பு. கப்பலில் இருந்த 25 பேரும் காப்பாற்றப்பட்டார்கள்.

வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் என்ன ஆகும்? எரிவது இரும்புப் பெட்டிக்குள். தண்ணீர் பெட்டியின் முதுகைக் குளிர்விக்கும், அவ்வளவுதான். தீ அடுத்த வரிசைக்குத் தாவாமல் இருக்க அது உதவும். இன்னொரு பக்கம், அடிக்கும் தண்ணீர் கப்பலுக்குள் தேங்கினால் பாரம் ஏறும். இலங்கை விமானப்படை ஹெலிகாப்டரிலிருந்து உலர் ரசாயனப் பொடியையும் தூவிப் பார்த்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம் வேறு. ஜூன் முதல் தேதி வாக்கில் தீ அடங்கியது. ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துப் போக முயன்றபோது, சுமார் 21 மீட்டர் ஆழத்தில் கப்பலின் பின்பகுதி தரைதட்டி நின்றது.

சரி, அந்த 25 டன் அமிலம் முழுவதும் கடலில் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு சின்னக் கணக்கு. கடல்நீரில் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. நம் வீட்டு ஆப்ப சோடாவின் சரக்குதான். ஆப்ப சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் நுரைத்து, புளிப்பு அடங்குகிறதல்லவா? கடல் அதையேதான் செய்கிறது. ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 2.3 மில்லிமோல் அமிலத்தை அடக்கும் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் வேதியியல் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல்). 25 டன்னும் கலப்பற்ற அமிலம் என்று வைத்துக்கொண்டால்கூட அதில் கிட்டத்தட்ட 4 லட்சம் மோல். வகுத்தால், சுமார் 1,70,000 கன மீட்டர் கடல்நீர் போதும். நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆழம். கப்பலின் நீளத்தைவிடச் சிறிய ஒரு குளம். கசிந்த இடத்தில் இருக்கும் மீனுக்கு அது எமன்தான். ஆனால் அலையும் நீரோட்டமும் கலக்கக் கலக்கப் புளிப்பு காணாமல் போய்விடும். ஊருக்கான ஆபத்து காற்றில்தான் இருந்தது. மழையில் நனைய வேண்டாம், லேசான அமில மழை பெய்யலாம் என்று அப்போது எச்சரித்தார்கள்.

பிளாஸ்டிக்குக்கு இப்படி ஒரு கணக்கே கிடையாது. கப்பலில் இருந்த மணிகள் சுமார் 1,680 டன். ஒரு மணி 0.02 கிராம் என்று வைத்தால் 8,400 கோடி மணிகள். எதனோடும் வினைபுரியாது, கரையாது. இந்த மணிகளின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு என்பதால் மிதக்கும். காற்றும் அலையும் தள்ளிய பக்கம் போகும். மீன் முட்டை என்று நினைத்து மீனும் பறவையும் விழுங்கும். தீயில் கருகி உருகியவை இன்னும் மோசம். அவை கரியும் கட்டியுமாகக் கூழாங்கல் போலவே இருக்கும், எளிதில் நொறுங்கும். எரியாத மணிகளைவிட அதிக வகை ரசாயனங்கள் அவற்றில் இருந்ததை இலங்கைக் கடற்கரைகளில் மாதிரி எடுத்து ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். வெள்ளை மணியையாவது கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம்.

இப்போது உதவிக்கு வந்தவர்கள். இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பக்கத்து நாடு: இந்தியக் கடலோரக் காவல்படையின் வைபவ், வஜ்ரா கப்பல்கள் வந்து தண்ணீரும் நுரையும் அடித்தன, மாசு அகற்றுவதற்கென்றே கட்டப்பட்ட சமுத்ர பிரஹரியும் வந்தது. அப்புறம் கப்பல் உரிமையாளர் கூலிக்கு அமர்த்தும் மீட்பு நிறுவனம். இங்கே நெதர்லாந்தின் ஸ்மிட். பிறகு காப்பீட்டாளர் தரப்பு நிபுணர்கள். கடைசியில்தான் ஐ.நா.வும் ஐரோப்பிய ஒன்றியமும். ஐ.நா. என்றதும் நீலத் தொப்பியோடு குழாய் பிடிக்கும் ஆட்களை எதிர்பார்க்கக் கூடாது. அதன் சுற்றுச்சூழல் அமைப்பும் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமும் 1994 முதல் சேர்ந்து நடத்தும் ஒரு பிரிவு ஜெனீவாவில் இருக்கிறது. நாடு கேட்டால் அது நிபுணர்களைத் திரட்டி அனுப்பும். இலங்கை கேட்டது; அனுப்பினார்கள்.

அவர்கள் கொண்டுவந்தது சில கேள்விகளை. கப்பலில் என்ன இருந்தது, எவ்வளவு? எந்த வழியாக வெளியேறும்: காற்றா, நீரா, மணலா? போய்த் தொடுவது யாரை? கொடிய விஷமாக இருந்தாலும் யாரையும் தொட வழியில்லாவிட்டால் பட்டியலில் கீழே இறங்கும். சாதுவான பொருளாக இருந்தாலும் எக்கச்சக்கமாகக் கொட்டி, எல்லாக் கரைக்கும் போகுமானால் மேலே ஏறும். இப்படிப் பார்த்தபோது அமிலம் இறங்கி, ஜவ்வரிசி ஏறியது. பதிவானவற்றில் மிகப் பெரிய பிளாஸ்டிக் கசிவு என்று அவர்கள் அறிக்கை சொன்னது.

ஆனால் உலகத்தின் கடல்மாசுக் கருவிப்பெட்டி எண்ணெய்க்காகத் தயாரானது. மிதவைத் தடுப்பு, உறிஞ்சு பஞ்சு, எண்ணெயைச் சிதறடிக்கும் மருந்து என்று எல்லாமே அதற்குத்தான். மணிகளுக்கு மருந்து வேலை செய்யாது. அலை கொஞ்சம் உயர்ந்தால் தடுப்பைத் தாண்டிக் குதித்துவிடும். கடைசியில் கைகொடுத்தவை துடைப்பம், முறம், சல்லடை, தண்ணீர்த் தொட்டி. மணலோடு அள்ளித் தொட்டியில் போட்டால் மணல் அடியில் தங்கும், மணிகள் மேலே வரும். அரிசி களைகிறவர்களுக்கு இது புதிதில்லை. சுமார் 80 கிலோமீட்டர் கரையோரத்தில் மீன்பிடிக்கத் தடை போட்டதில் வருமானம் இழந்த மீனவர்கள் தனிக் கதை. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது.

அந்த முத்திரை விஷயம்? கடல்வழி அபாயச் சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பில் இந்த மணிகள் இல்லை. அதனால் கப்பலில் எங்கே வேண்டுமானாலும், மேல்தளத்தில்கூட அடுக்கலாம். 2024-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஒரு சுற்றறிக்கை விட்டது: உறுதியான பைகளில் கட்டுங்கள், ஆவணத்தில் தனியாகக் குறியுங்கள், முடிந்தவரை கீழ்த்தளத்தில் வையுங்கள். இதுவும் பரிந்துரைதான்.

கொழும்பில் வெடிப்பு நடந்தது மே 25. சரியாக நான்கு வருடம் கழித்து, 2025 மே 25 அன்று, கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலும் அபாயச் சரக்கு என்று 13 கண்டெய்னர்களைக் கணக்குக் காட்டி, தண்ணீர் பட்டால் எரியும் வாயுவை விடுகிற கால்சியம் கார்பைடு வெடிக்குமா என்று செய்திகள் ஓடின. சில நாட்களில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளில் வெள்ளை மணிகள் ஒதுங்கத் தொடங்கின.