இரண்டு டன் தாங்கும் கயிறு

“அண்ணே, இது இரண்டு டன் தாங்கும். நான் 70 கிலோ. இதற்கு மேல் என்ன வேண்டும்?”

சென்ற வாரம் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மாமரத்தடியில் இந்தக் கேள்வி மறுபடியும் என் காதில் விழுந்தது. மாடி வீட்டுக் கூரையைத் தாண்டிய உயரத்தில் ஓர் இளைஞர். உடம்பில் கட்டுமான இடங்களில் போடும் பாதுகாப்புப் பெல்ட். அதில் முடிந்திருந்தது ஹார்டுவேர் கடை வாசலில் சுருள் சுருளாகத் தொங்கும் மஞ்சள் கயிறு. கையில் செயின்சா, அதுவும் ஒரே கையில். காலையில் இருந்து கிளைகளை இறக்கிய கயிற்றிலேயே இப்போது ஆளும் தொங்குகிறார். நான் போனது பக்கத்து வீட்டு மரத்தைச் சோதிக்க. ஆனால் அவரை இறங்கச் சொல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

மரங்களைச் சோதிப்பதும் ஏறுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்த பிறகு, “எங்கள் வீட்டு மரத்தையும் வந்து பாருங்கள்” என்று பினாங்கில் இருப்பவர்களும் கூப்பிடத் தொடங்கினார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்தப் பயத்தில் ஏணியும் செயின்சாவும் லோரியும் வைத்திருப்பவர் எல்லாரும் மரம் வெட்டும் குத்தகையாளராகிவிட்டார்கள். அவர்களிடம் கருவியைப் பற்றிக் கேட்டால் ரம்பத்தின் பிராண்டைப் பெருமையாகச் சொல்வார்கள். கயிற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் இந்த இரண்டு டன்.

சரி, அந்த இரண்டு டன்னையே எடுத்துக்கொள்வோம். 12 மில்லிமீட்டர் மஞ்சள் கயிறு ஏறக்குறைய அந்த எடையில்தான் அறுகிறது. பொய்யில்லை. ஆனால் அது புதுக் கயிற்றை, முடிச்சே போடாமல், நேராக, மெதுவாக இழுத்தபோது அறுந்த எடை. மரத்தில் இந்த நான்கில் எது நடக்கிறது? முடிச்சுப் போட்ட மறுகணமே வலுவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போய்விடும். லோரியின் பின்னால் வெயிலில் கிடந்த மாதங்கள் இன்னொரு பங்கைத் தின்றிருக்கும். நைலான் என்று கேட்டு வாங்கி வருவது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் நைலான் இல்லை. பாலிப்ரோப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். கயிற்றின் மேல் கயிறு உரசி ஓடும் இடத்தில் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது.

அந்த இளைஞரின் கயிற்றைக் கையில் வாங்கி முழுவதும் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, புரிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளவென்று இருந்தன. விரலால் வளைத்தால் வளையவில்லை. நொறுக்கென்று ஒரு சத்தம் வந்து வெள்ளையாக வெடித்தது. கிளை கனத்தோடு இறங்கும்போது கவையில் உரசி உருகி, மறுபடியும் இறுகிய இடம் அது. அங்கிருந்து ஒரு முழம் தள்ளி அவருடைய உயிர் முடிச்சு.

நல்ல ஏறுகயிற்றின் சான்றிதழைப் பார்த்திருக்கிறீர்களா? ஈஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரம், ஏ வகை. அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச வலு 22 கிலோநியூட்டன். அதாவது சுமார் 2,200 கிலோ. மஞ்சள் கயிற்றின் அதே இரண்டு டன்! எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், விலை மட்டும்தான் பல மடங்கு. அந்த விலை வேறு சோதனைகளுக்கானது. முனையில் 8 வடிவ முடிச்சைப் போட்டு 15 கிலோநியூட்டன் சுமையை மூன்று நிமிடம் தாங்க வேண்டும். 100 கிலோ எடையைக் கட்டி மேலிருந்து விழவிட்டால் குறைந்தது ஐந்து முறை அறாமல் பிடிக்க வேண்டும். எவ்வளவு நீளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. மஞ்சள் கயிற்றை இப்படி யாரும் விழவிட்டுப் பார்த்ததில்லை. அது தார்ப்பாயையும் வாழைக்குலையையும் கட்டுவதற்குச் செய்த கயிறு.

கிளை இறக்குகிறவர்களும் இதே கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். “கட்டை 100 கிலோதானே அண்ணே.” 40 சென்டிமீட்டர் குறுக்களவும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கட்டை 100 கிலோவை நெருங்கும் என்பது சரி. அது 1 மீட்டர் விழுந்து, கயிறு 20 சென்டிமீட்டர் நீண்டு அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் கயிற்றில் விழும் இழுப்பு 1,200 கிலோ. கயிறு ஒரு கப்பி வழியாகப் போனால் கப்பி கட்டிய இடத்தில் ஏறக்குறைய இரு மடங்கு. முடிச்சுப் போட்டுப் பாதி வலு போன இரண்டு டன் கயிறு இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். கப்பி தொங்கும் அதே அடிமரத்தில்தான் நம் ஆளும் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே கட்டையை விழவிட்டு வெடுக்கென்று பிடிக்காதீர்கள். கீழே கயிறு பிடிப்பவர் உராய்வுக் கருவியில் நழுவவிட்டு, ஓடவிட்டு நிறுத்த வேண்டும். துண்டைச் சிறிதாக வெட்டுங்கள். இறக்குக் கயிறு வேறு, ஏறுகயிறு வேறு. இரண்டுக்கும் நிறமே வேறாக இருக்கட்டும்; அவசரத்தில் கை தவறாது. இறக்குக் கயிறாக ஒரு நாள் வேலை செய்த கயிற்றில் எந்தக் காரணத்துக்காகவும் ஆள் ஏறக்கூடாது. இதில் சமாதானப் பேச்சுக்கு என்னிடம் இடமில்லை.

இனி பெல்ட். கட்டுமானப் பெல்ட் தரமற்றது என்று நான் சொல்லவில்லை; அதன் வேலை வேறு. தவறி விழுபவரை முதுகுப் பக்கத்து வளையத்தில் பிடித்து நிறுத்துவது அது. அதன் வார் நீளமும் அதிர்ச்சி தாங்கி விரியும் நீளமும் ஆளின் உயரமும் சேர்ந்தால் கீழே ஐந்து மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். மரத்தில் ஐந்து மீட்டர் வெற்றிடம் எங்கே இருக்கிறது? கிளையில் இடித்த பிறகுதான் வார் விரியும். மரமேறுபவர் விழவே கூடாது என்பதுதான் முறை. கயிறு எப்போதும் தலைக்கு மேலே, தொய்வில்லாமல். உடம்பின் கனம் இடுப்பிலும் தொடையிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கென்றே உட்காரும் ஹார்னஸ் விற்கிறார்கள்.

ரம்பத்தை ஓடவிடும்போது இரண்டு பிடிப்பு: ஏறுகயிறு ஒன்று, அடிமரத்தைச் சுற்றிய இடுப்புக் கயிறு ஒன்று. இறுகி நிற்கும் கயிற்றை ஓடும் சங்கிலி தொட்டால் போதும், முடிந்தது. இரண்டு டன்னாவது, இருபது டன்னாவது. உள்ளே எஃகுக் கம்பி வைத்த இடுப்புக் கயிறு உண்டு. கைரம்பத்துக்கு ஈடுகொடுக்கும், செயின்சா பட்டால் அதுவும் கொஞ்ச நேரந்தான். மின்கம்பி அருகில் அதை வெளியே எடுக்கவே வேண்டாம், எஃகு மின்சாரம் கடத்தும். உண்மையில், மின்கம்பிக்குள் நுழைந்த கிளை என்றால் நீங்களே ஏறாதீர்கள். தெனாகா நேஷனலைக் கூப்பிட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அன்றைக்கு வரவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை.

ரம்பத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமை இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் மேல்பிடி வைத்த சின்ன ரம்பம் ஒற்றைக் கை ரம்பம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? அதற்கும் இரண்டு கை வேண்டும். அலகின் மூக்கு நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். முன்பக்கக் கைப்பிடியிலும் ஒரு கை இருந்தால்தான் துள்ளும் ரம்பத்தை அடக்க முடியும், அந்தக் கை பட்டுப் பிரேக்கும் தட்டப்படும். தரையில் வெட்ட அந்த ரம்பத்தை எடுக்காதீர்கள், அதற்குப் பின்பிடி ரம்பம் இருக்கிறது. ஏணியில் நின்று செயின்சா ஓட்டாதீர்கள். வெட்டிய கிளை ஊசலாடி வந்து முதலில் தட்டுவது ஏணியைத்தான். சங்கிலிக்குப் பழைய இன்ஜின் எண்ணெய் ஊற்றுவதையும் விடுங்கள். மிச்சப்படுத்துவது சில ரிங்கிட். அந்தக் கறுப்பு எண்ணெய்த் தூறலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன, நாள் முழுக்க அதைத்தான் மூச்சில் இழுக்கிறீர்கள்.

பாதுகாப்புக் கால்சட்டை சூடாக இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். பினாங்கு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஏறுவது எவ்வளவு சிரமம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆனாலும் சங்கிலி பட்டதும் உள்ளேயுள்ள இழைகள் வெளியே வந்து பல்சக்கரத்தைச் சுற்றி இறுக்கி நிறுத்திவிடும். ஒன்றாம் வகுப்புக் கால்சட்டை என்றால் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் ஓடும் வேகம் வரைக்கும் சோதித்தது. அதைவிட வேகமான ரம்பத்துக்கு அது உறுதி தராது. மின்கல ரம்பத்துக்கும் அதே நம்பிக்கை வைக்காதீர்கள். ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்துப் போட வேண்டாம். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் மரவேலைக்கு ஆகாது. நாடா இல்லாத கட்டுமானத் தலைக்கவசம், அண்ணாந்து பார்த்தவுடன் கீழே போய்விடும். ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், வேலையிடத்தில் ஒரு நாளுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 85. காதடைப்பான் இல்லாமல் பல வருடம் ஓட்டியவரிடம் பேசிப் பாருங்கள், இரண்டாம் முறைதான் பதில் வரும்.

முள் செருப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபப்பட அனுமதியுங்கள். அது வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு மட்டுந்தான். கிளை கழிப்பதற்காக முள் குத்தி ஏறினால் குத்திய ஒவ்வொரு துளையும் பூஞ்சைக்கு வாசல். தென்னையும் பனையும் இன்னும் பாவம். அவற்றின் உடம்பில் புண்ணை மூடும் பட்டையே வளராது, குத்திய துளை மரம் சாகும்வரை துளையாகவே இருக்கும். பாலிக் பூலாவில் நன்றாகக் காய்த்த டுரியான் மரங்களின் அடிமரத்தில் ஏணிப்படி போல் வரிசையாகத் துளைகளைப் பார்த்திருக்கிறேன். தோட்டக்காரர் கூலி கொடுத்து வாங்கிக்கொண்ட நோய் அது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று பேரிடம் விலை கேட்டுக் குறைந்தவரைப் பிடிக்கிறீர்கள், புரிகிறது. முன்பணம் கொடுக்கும் முன் “கயிற்றைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். ஏறுகயிறு தனிப் பையில் இருந்து வருகிறதா, லோரியில் பெட்ரோல் டின்னுக்கும் பழைய பேட்டரிக்கும் நடுவில் இருந்து வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி அமிலம் பட்ட நைலான் வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே செத்திருக்கும். கீழே இன்னொருவர், ஏறத் தெரிந்தவர், இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மேலே மயங்கித் தொங்குபவரை இறக்க ஏணி போதாது. மரத்தில் இருக்கும் பையன் யார் வீட்டுப் பிள்ளையோ, ஆனால் விழப்போவது உங்கள் முற்றத்தில்.

வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு: 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நினைத்தால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாதபோது, விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. முதலாளிகளுக்கு: அதே சட்டத்தில் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகும். அந்தப் பணத்துக்கு எத்தனை நல்ல கயிறு வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஜெலுத்தோங் இளைஞர் அன்று இறங்கிவிட்டார். என்மேல் கோபந்தான். மஞ்சள் கயிற்றைச் சுருட்டி லோரியில் எறியப் போனவரிடம் அதை வாங்கிக்கொண்டேன். ஓய்வு கொடுத்த கயிற்றை முழுதாகக் குப்பையில் போடாதீர்கள். மறுநாளே யாராவது எடுத்து ஏறுவார்கள். அரை மீட்டர் அரை மீட்டராக வெட்டிப் போடுங்கள். தார்ப்பாய் கட்ட அது போதும்.