‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்லும் பெரியவர்கள்

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பெரியவர்களை மீண்டும் படிக்க வைக்கும் பணியில், கடலூர், பண்ருட்டி வட்டாரங்களில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். ஏன் சேரத் தயங்குகிறீர்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் ‘நேரமில்லை’ என்பதுதான். அடுத்து, ‘பிள்ளைகள் படித்தால் போதும், எங்களுக்கு எதற்கு’ என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் உட்கார்ந்து பேசப் பேச, குரல் தாழ்ந்து மூன்றாவதாக ஒன்று வரும்: “எனக்குப் படிப்பு ஏறாது சார்.”

பெரியவர்களைக் கல்வியிலிருந்து தள்ளி நிறுத்தும் தடைகளை அமெரிக்கக் கல்வியாளர் பாட்ரிசியா கிராஸ் 1981-இல் மூன்றாக வகுத்தார். வாழ்க்கைச் சூழலால் வருவது ஒன்று. கல்வி நிறுவனத்தின் விதிகளாலும் நேரங்களாலும் வருவது மற்றொன்று. தன்னைப் பற்றித் தானே கொண்டிருக்கும் எண்ணத்தால் வருவது மூன்றாவது. இந்த மூன்றாவதை வெளியே சொல்ல மக்கள் கூச்சப்படுவதால் கணக்கெடுப்புகளில் அது குறைவாகவே பதிவாகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அவர் சொன்னதை நான் ஏட்டில் படித்திருந்தும், புரிந்துகொண்டது காடாம்புலியூர் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவால்தான்.

அவருக்கு வயது 44. எட்டாம் வகுப்போடு நின்றவர். முந்திரி கம்பெனியில் கொட்டை உடைக்கும் வேலை. முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலை அரித்துக் கறுக்கச் செய்துவிடும் என்பதால், பேனா பிடிக்கும்போது விரல் நுனிகளை உள்ளங்கைக்குள் மடித்து மறைத்துக்கொள்வார். இரண்டு வாரம் ஒழுங்காக வந்தவர் பிறகு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ‘ஆர்வமில்லை’ என்று எழுதியவன் நான்தான். அதை இன்றும் வருத்தத்துடன் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். பேச்சுக்கிடையே பாடப் புத்தகத்தை எடுத்து வந்தவர், வாசல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, கையை முழுவதும் நீட்டிப் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு வரியைப் படித்துக் காட்டினார். வெள்ளெழுத்து! நாற்பதைக் கடந்தவர்களுக்கு விழிவில்லையின் நெகிழ்வு குறைவதால் இயல்பாக வரும் மாற்றம் அது. ஆனால் சிறு வயதில் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் ‘மக்கு’ என்று பெயர் வாங்கியிருந்த அவர், எழுத்து மங்குவதையும் தம் மண்டையின் குறையாகவே எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கியபின் மறுவாரமே வகுப்புக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு நான் சேர்க்கைப் படிவத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். ‘படிப்பை நிறுத்தியதற்கான காரணம்’ என்ற கேள்வியை வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி ஒருவரிடம் கேட்பது, பழைய அவமானத்தை மறுபடி கிளறுவதாகும். முதலில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். பிறகு, கடைசியாக எந்த வகுப்பில் என்ன நடந்தது என்று தனியே கேட்பேன்.

பலரை அச்சுறுத்துவது தேர்வுதான். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும், தவறினால் ஊர் சிரிக்கும் என்று நினைக்கிறார்கள். 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. உச்ச வயது வரம்பு இல்லை. ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டுகள் அது செல்லும். அதற்குள் பாடங்களை ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். தமிழ் வழியிலும் எழுதலாம். இதைச் சொன்னதும் தோளிலிருந்து சுமை இறங்கியதைப் போல மூச்சு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கித் தருவதாகச் சொன்ன இடைத்தரகரை நம்பிப் பணம் கட்டியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவ்வாறு வரிசை மாறிப் பெற்ற பட்டங்களை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழக அரசு 2009-இலேயே ஆணை பிறப்பித்துவிட்டது. பணம் போனதைவிடப் பெரிய இழப்பு, ‘படிப்பெல்லாம் ஏமாற்று வேலை’ என்ற முடிவோடு அவர்கள் திரும்பிப் போவதும், தெருவில் நாலு பேரிடம் அதையே சொல்வதும்தான்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘இந்த வயசுல எதுக்கும்மா?’ என்று மகன் விளையாட்டாகக் கேட்ட ஒரு வார்த்தையால் நின்றுபோனவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதிலாக, வகுப்பு நாளில் இரவுச் சமையலை யார் பார்ப்பது என்று கேளுங்கள்.

அந்த அம்மா தமிழில் தேறிவிட்டார்; கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. சென்ற மாதம் தம்மோடு கொட்டை உடைக்கும் பெண் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் ‘நேரமில்லை சார்’ என்றுதான் தொடங்கினார். நான் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதை அவர் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.