பிடித்தாலும் குறையாத குதிரைகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நடுவண் அரசுக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலங்களில், 2024 மார்ச் மாத மதிப்பீட்டின்படி சுமார் 73,500 காட்டுக்குதிரைகளும் காட்டுக்கழுதைகளும் திரிந்தன. அந்த நிலங்கள் தாங்கும் என்று அரசே வகுத்திருக்கும் எண்ணிக்கை 25,500 சொச்சம்தான். இவை தவிர, ஏற்கெனவே பிடிக்கப்பட்டு, கொண்டுபோக ஆளில்லாமல் அரசின் செலவில் தீனி தின்றுகொண்டிருப்பவை 60,000-க்கும் மேல். ஐம்பது ஆண்டுகளாகப் பிடித்தும் இந்த எண்ணிக்கை ஏன் அடங்கவில்லை என்பது குதிரையின் உடலியலையும் இனப்பெருக்கத்தையும் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

குதிரையினம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான் என்றாலும், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அது அங்கே அழிந்துபோனது. இன்று அங்கே திரிபவை, 16-ஆம் நூற்றாண்டு முதல் ஸ்பானியர்களும் பின்னர் பண்ணைக்காரர்களும் படையினரும் கொண்டுவந்த வளர்ப்புக் குதிரைகளின் வழித்தோன்றல்கள். நம் நெடுந்தீவிலும் கோடியக்கரையிலும் திரியும் மட்டக்குதிரைகளைப் போலவே, வளர்ப்பிலிருந்து விடுபட்டுக் காட்டுவாழ்வுக்குத் திரும்பியவை. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இவற்றை லாரிகளாலும் விமானங்களாலும் துரத்திப் பிடித்து இறைச்சித் தொழிற்சாலைகளுக்கு விற்றார்கள். நெவாடாவைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி அதை எதிர்த்து நடத்திய நெடும் போராட்டத்தால் 1959-இல் ஒரு சட்டமும், 1971 டிசம்பரில் அதைவிட வலுவான சட்டமும் வந்தன. இரண்டாவது சட்டம் குதிரைகளைக் காக்கும் பொறுப்பைப் பெருமளவில் நில மேலாண்மைப் பணியகத்திடம் ஒப்படைத்து, நிலத்தின் இயற்கைச் சமநிலையும் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அன்று இருந்தவை சுமார் 25,000.

ஒவ்வொரு மேலாண்மைப் பகுதிக்கும் எத்தனை குதிரைகள் என்ற வரம்பு, புல்லையும் தண்ணீரையும் வைத்தே வகுக்கப்படுகிறது. குதிரைகளில் ஏறக்குறைய பாதி வாழும் நெவாடாதான் அந்நாட்டிலேயே மிக வறண்ட மாநிலம். அங்கே ஒரு குதிரை ஓர் ஆண்டு மேய்வதற்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பளவுள்ள சேஜ் புதர்க்காடு வேண்டும். மாடு அசைபோடும் விலங்கு. தின்ற புல்லை முதலில் இரைப்பையில் நொதிக்கவைத்து, மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மென்று, சத்தைப் பிழிந்தெடுக்கிறது. குதிரைக்கு நொதித்தல் நடப்பது குடலின் பின்பகுதியில். புல் அதன் உடலைச் சீக்கிரம் கடந்துவிடுவதால், கிடைக்கும் சத்து குறைவு, தின்ன வேண்டிய அளவு அதிகம். நார் மிகுந்த காய்ந்த புல்லைக்கொண்டும் குதிரை உயிர்வாழ முடிவது இதனால்தான். மேலும், மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை, குதிரைக்கு இருக்கின்றன. எனவே அது புல்லைத் தரையை ஒட்டிக் கடித்துவிட முடியும்.

அதே நிலங்களில் குத்தகைக்கு மேயும் மாடுகளைப் பற்றிப் பேசாமல் குதிரைகளை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. பொது நிலங்களில் மாடுகள் பெறும் புல்லின் பங்கு குதிரைகளுடையதைவிடப் பன்மடங்கு பெரியது, அதற்காக அரசு வாங்கும் கட்டணமோ மிகச் சொற்பம். ஆயினும் மாடுகளை வறட்சிக்காலத்தில் ஓட்டிச்செல்ல முடியும். குதிரை ஆண்டு முழுவதும் அதே ஊற்றடியில் நிற்கிறது. கோடையில் ஊற்றுகள் சுருங்கும்போது குதிரைக்கூட்டம் தண்ணீரைச் சூழ்ந்துகொள்வதும், கிளைக்கொம்பு மான்கள் எட்ட நின்று காத்திருந்து, சில வேளைகளில் குடிக்காமலே திரும்புவதும் ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டிருக்கின்றன.

வரம்பை மீறியவற்றைப் பிடிக்கும் முறை இது. ஒடுங்கிக்கொண்டே செல்லும் புனல் வடிவில் இருபுறமும் சணல் துணியை வேலிபோல் கட்டி, அதன் முடிவில் இரும்புக் கிராதிகளால் பட்டி அமைக்கிறார்கள். ஹெலிகாப்டர் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு குடும்பக் கூட்டத்தை, அதாவது ஓர் ஆண்குதிரை, அதைச் சேர்ந்த பெண்குதிரைகள், குட்டிகள் ஆகியவற்றை, பின்னால் விலகியே பறந்து நடத்திக்கொண்டு வருகிறது. புனலின் வாயருகே மட்டும் அது தாழ்ந்து நெருக்கும். அந்தத் தருணத்தில், அங்கே பிடித்து வைத்திருக்கும் பழக்கப்பட்ட குதிரை ஒன்றை அவிழ்த்துவிடுகிறார்கள். தீனி காத்திருக்கும் பட்டியை நோக்கி அது ஓட, மிரண்டுபோன கூட்டம் தன்னினத்தைப் பின்பற்றும் இயல்பால் அதன் பின்னே உள்ளே புகுகிறது. அதற்கு அங்கே வழங்கும் பெயர் யூதாஸ் குதிரை. பிறகு பற்களைப் பார்த்து வயதைக் கணித்து, நோய்ப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து, கழுத்தின் இடப்புறத்தில் திரவ நைட்ரஜனில் குளிர்வித்த உலோக அச்சால் அடையாளமிடுகிறார்கள். அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்து, குதிரையின் பிறந்த ஆண்டையும் பதிவு எண்ணையும் ஆயுள் முழுவதும் காட்டும். பிடிக்கும் முயற்சியில் ஏறத்தாழ நூறில் ஒரு குதிரை இறந்துபோகிறது. குடும்பக் கூட்டங்கள் பிரிக்கப்படுவது இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

இத்தனையும் செய்தும் எண்ணிக்கை அடங்காததற்குக் காரணம் பெருக்க வீதம். பெரிய ஊனுண்ணிகள் அருகிவிட்ட அந்த நிலங்களில் குதிரைக்கூட்டம் ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு வரை வளர்கிறது. கூட்டுவட்டியைப் போல, நான்கைந்து ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். 73,500 என்ற எண்ணிக்கை ஏறாமல் இருப்பதற்கே ஆண்டுதோறும் 11,000 முதல் 14,700 வரை அகற்ற வேண்டும். 2022 நிதியாண்டில் முன்னெப்போதும் இல்லாத அளவாக 20,000-க்கும் மேற்பட்டவை அகற்றப்பட்டன. ஆயினும் 2022 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் மதிப்பீடு 82,000-க்கும் 83,000-க்கும் இடையிலேயே இருந்தது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் குழு 2013-இல் வெளியிட்ட அறிக்கை, இந்த வீதத்தைத் தக்கவைப்பதே அகற்றும் பணிதான் என்று சுட்டிக்காட்டியது. உணவு பற்றாக்குறையானால் பெண்குதிரை மெலியும், கருத்தரிப்பது குறையும், குட்டிகள் பிழைப்பது அரிதாகும், வளர்ச்சி தானே தளரும். கூட்டத்தின் ஒரு பகுதியை அகற்றிவிட்டால் எஞ்சியவற்றுக்குப் புல் தாராளமாகக் கிடைத்து, பெருக்கம் மீண்டும் உச்சவேகத்தில் தொடர்கிறது. அதற்காகப் பிடிக்காமல் விட்டுவிடலாமா என்றால், பட்டினியால் கூட்டம் கட்டுப்படுவதற்கு முன்பே புல்வெளி பாழாகிவிடும். அங்கே ஒருமுறை பாழான நிலத்தில் சீட்கிராஸ் என்ற அயல்நாட்டுப் புல் புகுந்து, கோடையில் காய்ந்து தீப்பற்றும். அதன்பின் பழைய தாவரங்கள் திரும்பி வருவது மிகவும் கடினம்.

பிடித்தவை எங்கே போகின்றன? சில தத்துக் கொடுக்கப்படுகின்றன, எஞ்சியவை பட்டிகளிலும், அரசு வாடகை கொடுக்கும் தனியார் புல்வெளிகளிலும் கிழப்பருவம்வரை வாழ்கின்றன. மிகுதியானவற்றைக் கொல்லச் சட்டத்தில் இடமிருந்தாலும், நலமான குதிரைகளைக் கொல்லவோ இறைச்சிக்கு விற்கவோ கூடாதென்று நாடாளுமன்றம் நிதிநிலைச் சட்டங்களின் வழியே தடுத்துவருகிறது. தத்தெடுப்போருக்கு 1,000 டாலர் தரும் திட்டம் 2019-இல் தொடங்கியது. அந்தக் குதிரைகளில் பல இறைச்சிச் சந்தைக்குப் போனது தெரியவந்து, 2025-இல் நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்துசெய்தது. விளைவாக, அரசின் காட்டுக்குதிரை மேலாண்மைத் திட்டத்தின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 10 கோடி டாலர், பிடித்துவைத்த குதிரைகளின் பராமரிப்புக்கே போய்விடுகிறது.

பிறப்பைக் குறைக்கும் தடுப்பூசிதான் இந்தச் சுழலிலிருந்து மீளும் வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பீ.இசட்.பீ. எனப்படும் தடுப்பூசி பன்றியின் கருமுட்டையைச் சூழ்ந்திருக்கும் புரத உறையிலிருந்து தயாராகிறது. அதைச் செலுத்தியதும் பெண்குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை குதிரையின் சொந்தக் கருமுட்டை உறையிலும் சென்று ஒட்டிக்கொள்வதால், விந்தணு பற்றிக்கொள்ள இடமில்லாமல் கருத்தரிப்பு தடைபடுகிறது. ஏற்கெனவே வயிற்றில் வளரும் குட்டிக்குத் தீங்கில்லை. முதலில் சில வார இடைவெளியில் இரு தவணையும், பிறகு ஆண்டுக்கு ஒன்றும் வேண்டும். மேரிலாந்தின் அசட்டீக் தீவில் 1994 முதல் தேசியப் பூங்கா ஊழியர்கள் துப்பாக்கி ஊசியால் இதைச் செலுத்தி, 170-ஐத் தாண்டியிருந்த கூட்டத்தை எதையும் பிடித்து அகற்றாமல் நூற்றுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். கருவுறும் சுமை நீங்கிய பெண்குதிரைகள் உடல் தேறி அதிக காலம் வாழ்ந்ததால், குறைவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நெவாடாவில் இதை அப்படியே செய்ய இயலாது. அசட்டீக்கில் ஒவ்வொரு குதிரையையும் முகம் பார்த்து அடையாளம் காண முடியும், ஊசி எய்யும் தூரத்துக்கு நெருங்கவும் முடியும். பரந்த வறள்நிலத்தில் மனிதரைக் கண்டாலே ஓடும் கூட்டத்தை ஆண்டுதோறும் தேடி ஊசி போடுவது நடவாத காரியம். எனவே ஹெலிகாப்டர் அங்கே தொடர்ந்தே ஆகும். ஆனால் பிடித்த பெண்குதிரைகளில் நிலத்துக்குத் திரும்பவிருப்பவற்றைச் சில வாரம் வைத்திருந்து, இரண்டாம் தவணையையும் செலுத்திய பிறகே விடுவிக்க வேண்டும். மூளையிலிருந்து வரும் இனப்பெருக்க ஹார்மோனைத் தடுக்கும் கோனாகான் என்ற தடுப்பூசி, இரண்டாம் தவணைக்குப்பின் பல ஆண்டுகள் பலன் தருவதால் இதற்குப் பொருந்திவருகிறது. பெண்குதிரைகளில் சிறுபகுதிக்கு மட்டும் போட்டால் வளர்ச்சி வீதம் அசையாது, பெரும்பாலானவற்றுக்குப் போட்டாக வேண்டும். எண்ணிக்கை வரம்பளவுக்குக் குறைக்கப்பட்ட பகுதிகளில்தான் அது கைகூடும் என்பதால், அகற்றலும் ஊசியும் ஒரே தடவையில், ஒரே இடத்தில் சேர்ந்து நடக்க வேண்டும். இதுவரை அகற்றப்பட்டவை பல்லாயிரக்கணக்கில் இருக்க, ஊசி போட்டு விடுவிக்கப்பட்டவை ஆண்டுக்குச் சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் வரையே இருந்திருக்கின்றன.