சுவரில் இரண்டு கோடு

கண்மாய்க் கரை உடைந்து ஊருக்குள் வந்த தண்ணீர் வடிந்ததும் சுவரைப் பாருங்கள். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இரண்டு கோடு தெரியும். கீழே, வண்டலும் வைக்கோல் துணுக்கும் ஒட்டிய கோடு. அதற்குக் கொஞ்சம் மேலே, ஈரம் பூத்த கோடு. வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுக்க வருபவர் மேல் கோட்டை அளந்தால் தப்பு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். வெள்ளம் நின்ற உயரம் வண்டல் கோடுதான்.

எங்கிருந்து அளப்பது? செட்டிநாட்டின் பெரிய வீடுகள் தெருவிலிருந்து படியேறிப் போகும்படி உயர்த்திக் கட்டியவை. தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடினாலும் முகப்புக்குள் வராமல் போகலாம். எதிரே இருக்கும் ஓட்டு வீட்டில் அதே தண்ணீர் அரிசி மூட்டையை நனைத்திருக்கும். அதனால் தெருவிலிருந்து எவ்வளவு, வீட்டுத் தரையிலிருந்து எவ்வளவு என்று இரண்டையும் குறிக்க வேண்டும். ஆழம் கூடக்கூடச் சேதம் ஒரே சீராகக் கூடுவதில்லை, படிப்படியாகத் தாவும். தரை நனைந்தால் பாய், அரிசி. ஓரடி ஏறினால் ஃபிரிட்ஜ், ஏனென்றால் கம்ப்ரெசர் இருப்பது அடியில். அப்புறம் சுவிட்ச் போர்டு.

எப்போது அளப்பது என்பதும் சிக்கல்தான். மறுநாளே போனால் மண்சுவர் நிற்கிறது என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஊறிய மண் பிடிப்பை இழந்து இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட உட்காரும். நெல்லும் இரண்டு நாள் மூழ்கினால் பல சமயம் தேறிவிடும், ஒரு வாரம் கிடந்தால் அழுகும். சரி, பொறுத்துப் போகலாம் என்றால், அதற்குள் அப்பத்தா சுவரைக் கழுவி வெள்ளையடித்திருப்பார். கோடு போச்சு. இரண்டு முறை போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், வெள்ளத்துக்கு முன் அங்கே என்ன இருந்தது என்பது. அதைச் சொல்வது வி.ஏ.ஓ. எழுதும் அடங்கல்: எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு. வயலைப் பார்க்காமல் போன வருஷத்தையே எழுதி வைத்திருந்தால், இந்த வருஷம் நெல் போட்ட நிலம் காகிதத்தில் தரிசாகவே கிடக்கும். தரிசு மூழ்கினால் பயிருக்கு ஏது நிவாரணம்? அரசு நிவாரண விதிப்படி பயிர் 33 சதவீதமாவது போயிருக்க வேண்டும். 2015க்கு முன் இது 50. வரப்பில் நின்று கண்ணால் பார்த்து 32க்கும் 33க்கும் நடுவில் எப்படிக் கோடு போடுவது? பயிர்க் காப்பீட்டில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். துல்லியம்தான். ஆனால் கிடைப்பது ஊர்ச் சராசரி. உங்கள் வயல் மட்டும் மூழ்கியிருந்தால் அதில் கரைந்துவிடும்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். 2014இல் முதலில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-1 வகைக் கோள்களின் ரேடார், மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். அலையில்லாத தண்ணீர் கண்ணாடிபோல் ரேடார் கதிரை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். கார்த்திகையில் இங்கே நிறைந்த கண்மாய், ஊரணி, தண்ணீர் கட்டிய வயல் எல்லாமே கறுப்புதான். வெள்ளத்துக்குச் சில நாள் முந்தைய படத்தைக் கழித்தால்தான் புதுத் தண்ணீர் பிடிபடும்.

பேரிடர்க் கணக்கில் சேதம் வேறு, இழப்பு வேறு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் தண்ணீர் புகுந்தால் உடைந்த கண்ணாடிப் பலகையும் இறுகிப்போன சிமென்ட் மூட்டையும் சேதம். கல்லைக் காயவைக்க இடமில்லாமல் வேலை நின்ற நாட்களின் வருமானம் இழப்பு. முதலாவதைப் படம் எடுக்கலாம். இரண்டாவதைக் கேட்டால்தான் தெரியும், பலரும் கேட்பதில்லை.

எம்-டாட் என்ற உலகப் பேரிடர்ப் பட்டியலில் சேர 10 பேர் இறந்திருக்க வேண்டும், அல்லது 100 பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவசரநிலை அறிவிப்பு மாதிரி ஏதாவது வேண்டும். பத்து வீட்டு வயலில் மணலைக் கொட்டிப்போன கண்மாய் உடைப்பு அதில் ஏறாது. 1994இல் லத்தீன் அமெரிக்காவில் தொடங்கிய தெசின்வென்டார் என்ற பேரிடர்ப் பதிவு முறையில் இந்த வரம்பு இல்லை. சின்ன உடைப்பையும் எழுதலாம்.

அந்த மணலுக்கும் நம் நிவாரண விதியில் ஓர் அளவு உண்டு: 3 அங்குலத்துக்கு மேல் படிந்திருந்தால்தான் அள்ளுவதற்குக் காசு. உடைப்பு வாய்க்குப் பக்கத்தில் மணல் ஒரு முழம் இருக்கும், அடுத்த வரப்பில் விரற்கடைதான் இருக்கும். அளவுக் குச்சியை எங்கே நடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.