வெளியே எடுத்த பிறகும் அழுத்தம் காட்டும் குழாய்

உணவுக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை முடிந்து, மூக்கு வழியாக விட்டிருந்த குழாயை உருவி எடுத்தாயிற்று. இப்போது அது காற்றில் தொங்குகிறது. எதுவும் அதை அழுத்தவில்லை. ஆனாலும் திரையில் 6 மி.மீ. பாதரசம் என்று காட்டலாம்! பொய் எங்கிருந்து வந்தது?

குழாயின் தடிமன் சுமார் 4 மி.மீ.தான். அதில் ஒரு செ.மீ.க்கு ஒன்றாக 36 சென்சார்கள். முன்பெல்லாம் குழாய்க்குள் தண்ணீரை மெல்லச் செலுத்தி, அழுத்தத்தை வெளியே இருக்கும் கருவியில் அளந்தார்கள். இந்த வகையில் சென்சாரே உள்ளே போய்விடுகிறது.

இத்தனை சின்னப் பொருள் சரியாக அளக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் போதும். நீளமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, சென்சாரை 13.6 செ.மீ. ஆழத்துக்கு இறக்கினால் 10 மி.மீ. பாதரசம் காட்ட வேண்டும். 27.2 செ.மீ.யில் 20. அப்புறம் மெல்ல மேலே தூக்கும்போதும் அதே ஆழத்தில் அதே எண் வர வேண்டும். 36 சென்சார்களுக்கும் இதே பாடுதான்.

வேகத்தைச் சோதிப்பது இன்னும் வேடிக்கை. காற்றடைத்த பலூனுக்குள் சென்சாரை வைத்து, பலூனை உடைத்துவிடுவார்கள். அழுத்தம் நொடியில் விழும். சென்சார் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

இதிலெல்லாம் தேறிய சென்சாரும் சூட்டில் சறுக்கும். உடம்பின் 37 டிகிரியில் அதன் மின் அளவு சற்று மாறுவதை, அழுத்தம் கூடியதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர்ச் சோதனையை 37 டிகிரியிலும் செய்யாவிட்டால் அது பாதிச் சோதனைதான் என்பேன். மேலே சொன்ன அந்த 6, இந்தச் சூட்டுப் பிழை. குழாயின் சூடு ஆறுவதற்குள் அதைக் குறித்துக்கொண்டு, பதிவான அளவுகளிலிருந்து கழித்துவிடுவார்கள்.

ஆறுதானே என்று விட முடியாது. விழுங்கும்போது இரைப்பையின் வாசலில் உள்ள தசை தளர வேண்டும். அது தளரவில்லை என்று சொல்ல, அங்கே அழுத்தம் தாண்ட வேண்டிய எல்லை ஒரு வகைக் கருவியில் 15 மி.மீ. பாதரசம், இன்னொரு வகையில் 22. முதல் வகையில் 18 என்று வந்த ஒருவருக்கு, 6 கழிந்தால் 12. தசையில் கோளாறு என்று எழுத இருந்த அறிக்கை அப்படியே மாறிவிடும்.