பழுதான எல்.இ.டி டிவியை வாங்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

"சத்தம் நல்லா வருதுண்ணே, படம் மட்டும்தான் வரல. மூவாயிரத்துக்குத் தர்றேங்கிறாங்க, வாங்கலாமா?"

இப்படிக் கேட்டு அடிக்கடி போன் வருகிறது. விலையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பகுதி, நன்றாக இருக்கிறதா என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஒரு டிவியின் விலையில் பெரும்பங்கு பேனலுக்குத்தான். பவர் சப்ளையோ மதர்போர்டோ பேக்லைட்டோ (திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் விளக்குகள்) போனால் சரிசெய்துவிடலாம். பேனல் போனால், புதுப் பேனல் போடுகிற செலவுக்கு அதே அளவில் வேறு டிவியே வாங்கிவிடலாம்.

சத்தம் வந்து படம் வரவில்லை என்றால் முதலில் அறையை இருட்டாக்கச் சொல்லுங்கள். டிவியை ஆன் செய்து ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், சற்றுச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மெனு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் நல்ல செய்தி: பேனல் வேலை செய்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை. எல்.இ.டி டிவியில் இருப்பதும் எல்.சி.டி பேனல்தான், அதற்கென்று சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் இருக்கும் எல்.இ.டி பட்டைகளிலிருந்துதான் வர வேண்டும். அந்த எல்.இ.டிகள் பெரும்பாலும் சீரியலில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். ஒன்று எரிந்து இணைப்பு அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணையும். உடனே அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டும் பாதுகாப்புக்காக நின்றுவிடும். ஆன் செய்த உடன் ஒரு நொடி வெளிச்சம் வந்து அணைவதும் பெரும்பாலும் இதே கதைதான்.

டார்ச் அடித்தும் எதுவும் தெரியவில்லை என்றால் பேனலுக்குப் படத்தின் சிக்னலை அனுப்பும் டீகான் போர்டாக இருக்கலாம், மதர்போர்டாக இருக்கலாம், பேனலாகவும் இருக்கலாம். திறக்காமல் சொல்ல முடியாது. நானாக இருந்தால் அதற்குப் பெரிய விலை தரமாட்டேன்.

திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அல்லது பாதித் திரை மட்டும் வெளுத்திருக்கிறது என்றால் தள்ளிப்போங்கள். பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம்களில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். பாண்டிங் மெஷின் வைத்திருக்கும் கடைகள் அதைச் சூடேற்றி மறுபடி ஒட்டித் தருவார்கள். சிலது ஓடும், சிலது சில வாரங்களில் பழையபடி கோடு போடும். விற்பவர் ஓரத்தை விரலால் அழுத்தி, "பாருங்க, கோடு போயிடுச்சு" என்று காட்டினால் அது ஓரத்து இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்பதற்கான அடையாளம். அதை நம்பி வாங்கிவிடாதீர்கள். விரிசல் விட்ட பேனலைப் பற்றிப் பேசவே வேண்டாம். உங்களிடம் அதே மாடல் டிவி வேறு பழுதோடு இருந்தால் மட்டும், போர்டுகளுக்காக அதை வாங்கலாம்.

சிவப்பு விளக்கே எரியாத டிவியைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஃப்யூஸ், உப்பிய கெப்பாசிட்டர் என்று பவர் சப்ளையோடு முடிந்துவிட வாய்ப்பு அதிகம். ஆனால் மழைக்காலத்தில் இடி விழுந்த வீட்டிலிருந்து வந்த டிவியா என்று கட்டாயம் கேளுங்கள். கேபிள் வழியாக வரும் மின்னல் எச்.டி.எம்.ஐ போர்ட்டில் நுழைந்து மதர்போர்டையும் எரித்திருக்கலாம்.

லோகோவிலேயே நின்றுகொண்டிருக்கும் ஸ்மார்ட் டிவி வேறு வகை. சாஃப்ட்வேர் ஏற்றினால் சிலது எழுந்துவிடும். மெமரி ஐசியே தேய்ந்திருந்தால் அதை மாற்றி, சாஃப்ட்வேரைப் புதிதாக எழுத வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் பார்ப்பது, அந்த டிவியை ஏற்கெனவே யாராவது திறந்திருக்கிறார்களா என்பதைத்தான். டிவியைத் திருப்பி வைத்து ஸ்க்ரூக்களைப் பாருங்கள். தலை தேய்ந்திருக்கிறதா, இரண்டு மூன்று குறைகிறதா, ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறதா? ஓரத்துச் சட்டம் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பேக்லைட் பட்டையை மாற்ற வேண்டுமென்றால் பேனலைத் தனியாகக் கழற்றித் தூக்கியாக வேண்டும். 43 இன்ச் பேனல் என்பது ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு. ஒருவர் தனியாகத் தூக்கினாலே வளையும், ஓரத்து ஃபிலிம் கிழியும். ஒருவர் கொண்டுவந்த டிவியில் டார்ச் சோதனை சரியாகவே இருந்தது. திறந்து பார்த்தால், முன்பு பார்த்தவர் பட்டையை முழுதாக மாற்றாமல், எரிந்த எல்.இ.டிகளை மட்டும் வயர் போட்டுத் தாண்டி இணைத்திருந்தார். மீதி எல்.இ.டிகளும் கருகி, அவற்றின் மேல் ஒட்டியிருந்த லென்ஸ்கள் கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தன. முழு செட் பட்டை போட வேண்டியதாயிற்று. யாரும் கைவைக்காத பழுது எப்போதும் மலிவான பழுது.

உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரிக்கும்போது டிவியின் மாடல் எண் மட்டும் போதாது. ஒரே மாடலில் வெவ்வேறு பேனல் போட்டு வந்திருக்கும். பேனலின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள எண், போர்டுகளில் அச்சிட்ட எண் இரண்டையும் படமெடுத்துக்கொண்டு போனால்தான் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில்கூடச் சரியான பதில் கிடைக்கும். பல டிவிகளுக்கும் பொருந்தும் யுனிவர்சல் போர்டு போடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் பழைய ஆப்கள், அசல் ரிமோட்டின் வசதிகள் எல்லாம் போய்விடும்.

விலைக்கு நான் போடும் கணக்கு இது. அதே டிவி நன்றாக ஓடும் நிலையில் செகண்ட்ஹேண்டில் 10,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாகங்களுக்கும் கூலிக்கும் 4,000 ஆகும் என்றால், 6,000 கொடுத்து வாங்குவது தவறு. கணித்த பழுதுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும் அபாயம் உங்கள் தலையில் விழுகிறது, அதற்கும் விலை உண்டு. 2,500க்கு மேல் பேசாதீர்கள்.

நீங்களே திறப்பதாக இருந்தால் ஒரு விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். எல்.இ.டிக்கு முந்தைய பழைய எல்.சி.டி டிவி என்றால் உள்ளே பாதரசம் கொண்ட மெல்லிய டியூப்கள் இருக்கும். உடைத்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு எடுப்பவர்களிடம் முழுதாகக் கொடுங்கள்.