லேத் மோட்டாரைக் காப்பது எது?

வீட்டுப் பட்டறை லேத்தில் 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் முழுப் பளுவுக்கு அது சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். சரியான அளவு நேம்பிளேட்டில் இருக்கும். ஸ்விட்ச் போட்டதும், வேகம் பிடிக்கும் வரை, ஆறு மடங்கு வரை, அதாவது 40 ஆம்பியர் வாக்கில் பாயும்.

கரண்ட் மிஞ்சினால் தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டிப்பது எம்சிபி. 10 ஆம்பியர் பி வகை எம்சிபியில், திடீர்ப் பாய்ச்சலுக்கு உடனே விழும் காந்தப் பகுதி 30-க்கும் 50 ஆம்பியருக்கும் நடுவே எங்காவது விழும். அதனால்தான் ஒரு நாள் தாங்குகிறது, மறுநாள் டிரிப் ஆகிறது. பலரும் உடனே 20 அல்லது 32 ஆம்பியர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். உள்ளே ஓடும் ஒயரோ அதே 1.5 சதுர மி.மீ.! அதே 10 ஆம்பியரில் சி வகை போட்டால் போதும். அது 50-க்கு மேல்தான் உடனடியாக விழும்.

ஆனால் எம்சிபி இருப்பது ஒயருக்காக. அழுத்தமாக வெட்டுக் கொடுத்து மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தாலும் அது அசையாது, 11.3 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்பதே அதன் தரவிதி. அதற்குள் வைண்டிங் கருகிவிடும். மோட்டாருக்குக் காவல், அதை நேரடியாக லைனில் இணைத்து ஓட்டும் டிஓஎல் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேதான், பளு மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துவது அது. அதன் டயலை நேம்பிளேட் ஆம்பியரில் வையுங்கள். ரிலேயில் மூன்று வழி இருக்கும். சிங்கிள் பேஸுக்கு மூன்றிலும் கரண்ட் தொடராகப் போக வேண்டும். பேஸை இரண்டு வழியாகவும் நியூட்ரலை மூன்றாவது வழியாகவும் கொண்டுபோவது வழக்கம். ஒரு வழி சும்மா கிடந்தால், பேஸ் போய்விட்டதாக எண்ணி ரிலே சீக்கிரமே விழக்கூடும்.

ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர், காயிலின் காந்த இழுப்பால் ஒட்டும் ஸ்விட்ச். வாங்கும்போது அந்தக் காயிலின் வோல்ட்டேஜைப் பாருங்கள். 415 வோல்ட் காயிலுக்கு 230 கொடுத்தால் கான்டாக்டர் முழுதாக ஒட்டாது, உறுமும், முனைகள் தீயும். சரியான காயில் இன்னொரு நன்மையும் செய்யும்: கரண்ட் போனால் கான்டாக்டர் விழுந்துவிடும், திரும்பி வந்தாலும் பச்சை பட்டனை அழுத்தாமல் லேத் ஓடாது. சாதாரண ஸ்விட்ச் என்றால், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் சாவியைச் செருகியிருக்கும் நேரத்தில் கரண்ட் வந்து தொலையும்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி 1 சதுர மி.மீ. காப்பர் ஒயர் இழுத்தால், போக வர 40 மீட்டரில் கிட்டத்தட்ட 0.8 ஓம். 40 ஆம்பியரில் 32 வோல்ட் அதிலேயே போய்விடும். முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறைவதால் தொடக்க விசையில் கால்வாசி போச்சு. மோட்டார் வேகம் பிடிக்கத் திணறும். வேகம் பிடித்ததும் ஸ்டார்ட் கெபாசிட்டரைத் துண்டிக்க வேண்டிய சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் திறக்காது. தொடக்கத்துக்கு மட்டுமே உதவ வேண்டிய அந்தக் கெபாசிட்டர் சூடாகி வெடிக்கும். கெபாசிட்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் ஒயரைப் பாருங்கள். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 13 வோல்ட்டுக்குள் அடங்கும்.

எர்த் ஒயரை லேத்தின் இரும்புடலில் பெயின்ட் சுரண்டி போல்ட் போட்டு முறுக்குங்கள். கூடவே, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும். அது கசிவை மட்டுமே பார்க்கும், பளுவைப் பார்க்காது என்பதால் எம்சிபியைக் கழற்றிவிட்டு அதை மாட்டக் கூடாது.